‘நல்லா இருக்கு’ போதாது, எந்த ஃபிரேம்?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஆறேழு பேர் கூடுவோம். அக்கா ஒருவர் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். மாமா ஒருவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸிலிருந்து வரும் தம்பி இன்னும் படிக்கிறான். நான் பகலெல்லாம் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை போடுகிறவன். அனிமேஷன் எங்கள் யாருக்கும் சோறு போடுவதில்லை. ஆனாலும் வாரம் முழுக்க ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து மூன்று விநாடி, நான்கு விநாடிப் படம் செய்து, சனிக்கிழமை கொண்டுவந்து காட்டுவோம்.

எங்களோடு சேர விரும்பி யாராவது வந்தால் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான் வருகின்றன. எதில் தொடங்குவது, எப்போது காட்டுவது, மற்றவர் வேலையைப் பார்த்து என்ன சொல்வது. மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் நீளம். முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

முதலில் மென்பொருள். காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். முப்பரிமாணம் என்றால் பிளெண்டர். கையால் வரைவது என்றால் கிரிட்டா, அல்லது ஓப்பன்டூன்ஸ். எல்லாமே இலவசம். பழைய லேப்டாப்பில் பிளெண்டரின் புதிய பதிப்பு திறக்காமல் அடம்பிடிக்கும். அவர்களுடைய தளத்திலேயே பழைய பதிப்புகள் இருக்கின்றன, அதில் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். பந்து குதிக்க வைக்க அது தாராளம். வரைபலகை வேண்டுமா என்று கேட்பார்கள். கையால் வரைகிறவர்களுக்கு வேண்டும், பிளெண்டருக்கு மூன்று பட்டன் உள்ள மவுஸ் போதும்.

பிளெண்டர் இலவசமாக இருப்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. நெதர்லாந்தில் அதை உருவாக்கிய டான் ரூசன்டால் நடத்திய கம்பெனி மூடப்பட்டபோது, முதலீட்டாளர்களிடமிருந்து மென்பொருளை மீட்க 1,00,000 யூரோ தேவைப்பட்டது. அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களே 2002இல் ஏழே வாரத்தில் அந்தப் பணத்தைத் திரட்டிக் கொடுத்தார்கள். நம்மைப் போன்றவர்கள் மொய் எழுதிக் காப்பாற்றிய மென்பொருள் என்று நான் சொல்வதுண்டு. 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டு அனிமேஷன் படம் அதில்தான் செய்யப்பட்டது.

பாடம் வேண்டுமென்றால் கேப் டவுனில் 1996இல் தொடங்கிய டிரிகர்ஃபிஷ் ஸ்டுடியோவின் அகாடமி இணையத்தில் இலவசமாகவே சொல்லித் தருகிறது. நம் நாட்டு ஆட்கள், நம் நாட்டு உச்சரிப்பு. முதலில் அதைப் பாருங்கள்.

பந்தில் தொடங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே முருகன் மயில்மேல் பறக்கிற மாதிரி செய்ய ஆசைப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆறு மாதம் மயில் இறகை மட்டும் செய்துகொண்டிருந்தேன், மயில் இன்றுவரை பறக்கவில்லை. பந்து செய்யுங்கள்.

கணக்கு சுலபம். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். சுமார் 120 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து தரையைத் தொட அரை விநாடி ஆகும், அதாவது 12 ஃபிரேம். அந்த 12 ஃபிரேமை மூன்று மூன்றாக நான்காகப் பிரித்தால், பந்து கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். முதல் மூன்று ஃபிரேமில் ஏழரை சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். கடைசி மூன்றில் ஐம்பத்திரண்டரை. இந்த இடைவெளி சரியாக இருந்தால் வெறும் வட்டம் கூட ரப்பர் பந்தாகத் தெரியும். இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக வண்ணம் பூசினாலும் பலூன்தான்.

பிளெண்டரில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எந்த ஃபிரேமில் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று குறித்து வைப்பதுதான் கீ. இரண்டு கீ போட்டால் பிளெண்டர் தானாகவே இரண்டு முனையிலும் வேகத்தைக் குறைத்து வழுவழுப்பாக்கிவிடும். பந்து தரையைத் தொடப்போகிற நேரத்தில் பிரேக் போட்டு மெதுவாக உட்காரும். அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் போய், தரையைத் தொடும் கீயைத் தேர்ந்தெடுத்து, வி பட்டனை அழுத்தி வெக்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வளைவு அந்த இடத்தில் கூர்மையாகும், பந்து தரையில் அடித்து எழும்பும்.

சரி, பந்து குதித்தாயிற்று. அப்புறம் ஊசல், அப்புறம் நடை. சாதாரண நடையில் ஒரு அடிக்கு 12 ஃபிரேம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு அடிக்கு 24. கால் ஊன்றுவது, உடம்பு தாழ்வது, ஒரு கால் மற்றதைக் கடப்பது, உடம்பு எழுவது என்று நான்கு நிலை. நடைக்கு வரும்போதுதான் ஆட்கள் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்கு முன்பே நான்கு பேரோடு சேர்ந்துவிட்டால் ஓடமாட்டீர்கள்.

எப்போது காட்டுவது

முடிவதற்கு முன்னால். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

முழுவதும் மெருகேற்றி, வெளிச்சம் போட்டு, பாட்டு சேர்த்துக் கொண்டுவந்தால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. இடுப்பு தவறாக இருக்கிறது என்று சொன்னால் இருபது மணி நேர வேலை வீண். சொல்ல மனசு வராமல் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் முக்கியமான நிலைகளை மட்டும் போட்டு, இடையில் எதுவும் நிரப்பாமல், ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குச் சட்டென்று தாவுகிற மாதிரி முதலில் காட்டுங்கள். பிளெண்டரில் கீகளைத் தேர்ந்தெடுத்து டி (T) பட்டனை அழுத்தி கான்ஸ்டன்ட் என்று வைத்தால் அப்படித் தாவும். அந்தக் கட்டத்தில் ஒரு நிலையை மாற்றுவது பத்து நிமிட வேலை.

அழுக்காக இருக்கிறதே என்று கூச்சப்படுகிறவர்களுக்கு நான் ஜோஹன்னஸ்பர்க்கின் வில்லியம் கென்ட்ரிட்ஜைக் காட்டுவேன். கரியால் ஒரே தாளில் வரைந்து, படமெடுத்து, கொஞ்சம் அழித்து, மறுபடி வரைந்து, மறுபடி படமெடுப்பார். அழித்த தடம் எல்லாம் திரையில் அப்படியே தெரியும். உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் அந்த அழுக்கைத்தான் போய்ப் பார்க்கிறார்கள்.

காட்டுவதற்கு முன் இரண்டு வேலை செய்துகொண்டு வாருங்கள். ஒன்று, படத்தின் மூலையில் ஃபிரேம் எண் தெரிய வேண்டும். பிளெண்டரில் அவுட்புட் பகுதியில் மெட்டாடேட்டா என்று இருக்கும். அதில் ‘பர்ன் இன்டு இமேஜ்’ என்பதை இயக்கி, ஃபிரேம் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முழு ரெண்டர், அதாவது வெளிச்சம் எல்லாம் கணக்கிட்டு ஒவ்வொரு ஃபிரேமையும் இறுதிப் படமாக்குவது, தேவையில்லை, வியூ மெனுவில் உள்ள வியூபோர்ட் ரெண்டர் போதும், இரண்டு நிமிடத்தில் முடியும்.

இரண்டாவது, அனுப்பும் விதம். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கி மங்கலாக்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள், கோப்பு உள்ளபடியே போகும். நான்கு விநாடிப் படத்தை 720 அளவில் வைத்தால் சில எம்பிதான் வரும். இங்கே ப்ரீபெய்டு டேட்டா விற்கிற விலைக்கு அடுத்தவர் டேட்டாவையும் யோசிக்க வேண்டும் அல்லவா.

கூடவே ஒரு குறிப்பு எழுதுங்கள். ‘பாருங்க’ என்று மட்டும் போட்டால் பார்க்கிறவருக்கு எதைப் பார்ப்பதென்று தெரியாது. எங்கள் குழுவில் இப்படி எழுதுவோம்:

‘நிலைகள் மட்டும் போட்டிருக்கேன், 24 ஃபிரேம், மொத்தம் 96. வண்ணம், முகம் எதையும் பார்க்காதீங்க. பாரம் தெரியுதா, அது மட்டும் சொல்லுங்க.’

மின்வெட்டுக்கு ஒரு பத்தி

2023இல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது ஒரு பாடம் படித்தேன். ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடட்டும் என்று நேராக எம்பி4 கோப்பாக வைத்துவிட்டுப் படுத்தேன். இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்துப்போனது. காலையில் 300 எம்பியில் ஒரு கோப்பு கிடந்தது, அதை எந்தப் பிளேயரும் திறக்கவில்லை. இப்போது மின்வெட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் பழக்கத்தை நான் மாற்றவில்லை. ரெண்டரை எப்போதும் பிஎன்ஜி படங்களாக, ஃபிரேமுக்கு ஒரு கோப்பாக வையுங்கள். அவுட்புட்டில் ஓவர்ரைட் என்பதை அணைத்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் மறுபடி ரெண்டர் கொடுத்தால், இருக்கிற ஃபிரேம்களை விட்டுவிட்டு மீதியிலிருந்து தொடரும். கடைசியாக எழுதப்பட்ட ஒரு படம் மட்டும் பாதியில் நின்றிருக்கலாம், அதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். எல்லாம் முடிந்த பிறகு பிளெண்டரிலேயே படங்களைக் கோத்து வீடியோவாக்கலாம்.

வேலை செய்துகொண்டிருக்கும்போது போனால், பிளெண்டர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேமித்து வைத்திருக்கும். ஃபைல் மெனுவில் ரெக்கவர் பகுதியில் ஆட்டோ சேவ் என்று தேடுங்கள்.

மற்றவர் வேலையைப் பார்ப்பது

இனிதான் விஷயமே இருக்கிறது.

‘நல்லா இருக்கு’ என்ற சொல்லை எங்கள் குழுவில் தடை செய்யவில்லை. அதற்குப் பின்னால் ஒரு ஃபிரேம் எண் வர வேண்டும், அவ்வளவுதான். ‘நல்லா இருக்கு, 40இல் தலை திரும்பற இடம்’ என்றால் செய்தவருக்கு அடுத்த முறையும் அப்படிச் செய்யத் தெரியும். வெறும் ‘சூப்பர்’ போட்டால் மனசு குளிரும், கை எதையும் கற்றுக்கொள்ளாது. குறைக்கும் இதே விதிதான். ‘ஏதோ சரியில்ல’ என்று சொல்கிறவரிடம் மாமா உடனே கேட்பார்: ‘எந்த ஃபிரேம்பா?’ அதற்குப் பதில் தெரியாதவர் திரும்பப் போய்ப் பார்ப்பார். பாதி நேரம் அவருடைய கண் அந்த நேரத்தில்தான் பழகுகிறது. சொல்கிறவருக்கே அதிகப் பயிற்சி என்று நான் நினைக்கிறேன்.

பார்ப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் நிறுத்தாமல், சாதாரண வேகத்தில் மூன்று முறை பாருங்கள். கண்ணுக்கு முதலில் எது உறுத்தியதோ அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது முக்கியம், ஏனென்றால் ஃபிரேம் ஃபிரேமாக நோண்ட ஆரம்பித்த பிறகு தேவையில்லாத குறையெல்லாம் பூதமாகத் தெரியும். அதற்குப் பிறகுதான் நிறுத்திப் பார்ப்பது. விஎல்சி பிளேயரில் இ (E) பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். கணினியில் யூடியூப் என்றால் நிறுத்திவிட்டுப் புள்ளியும் கமாவும் அழுத்துங்கள், முன்னும் பின்னும் போகும்.

இதெல்லாம் சொன்னால் வறட்டுத்தனமாக இருக்கும். போன தைப்பூசத்தை ஒட்டி நடந்ததைச் சொல்கிறேன்.

மருந்துக் கடை அக்கா காவடி ஆட்டம் ஒன்று செய்துகொண்டு வந்தார். நான்கு விநாடி, 96 ஃபிரேம். சின்ன வயதிலிருந்து கோயிலில் பார்த்ததை வைத்துச் செய்தது. பொம்மை அழகாக இருந்தது, மயிலிறகு வைத்த வளைவுக் காவடி அதைவிட அழகு. ஆனால் அட்டைக் காவடி. பாரமே இல்லை. தம்பி முதலில் சொன்னான்: ‘அக்கா, காவடி தோள்ல ஃபெவிகால் போட்டு ஒட்டின மாதிரி இருக்கு.’ எல்லோரும் சிரித்தோம், அக்காவும் சிரித்தார், ஆனால் அவருக்கு உதவவில்லை. ஒட்டின மாதிரி இருக்கிறது, சரி, எந்த ஃபிரேமில்?

பத்து நிமிடம் முன்னும் பின்னும் ஓட்டினோம். 31இல் இடது கால் தரையைத் தொடுகிறது. அதே 31இல் இடுப்பும் நிற்கிறது, தோளும் நிற்கிறது, காவடியும் நிற்கிறது, இறகின் நுனியும் நிற்கிறது. ஒன்றுகூடப் பிந்தவில்லை. அதுதான் அட்டை.

அதுவரை பேசாமல் இருந்த மாமா எழுந்தார். பல வருஷம் காவடி எடுத்தவர். மூலையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ‘பாரும்மா, காவடி எடுக்கிறவன் காலைத் தூக்கி ஆடமாட்டான். தூக்கினா அது ஒரு பக்கமா சாய்ச்சிடும். இடுப்பைத் தாழ்த்தித்தான் ஆடுவான்’ என்று நாலு அடி ஆடிக் காட்டினார். முட்டி மடங்கியதை, பாதம் ஊன்றிய பிறகு இடுப்பு இறங்கியதை, இடுப்பு எழத் தொடங்கிய பிறகும் நாற்காலி இறங்கிக்கொண்டிருந்ததைப் போனில் எடுத்துக்கொண்டோம்.

அந்த வீடியோவை வைத்துச் செய்யும்போது ஒரு தப்பு நடந்தது, அது என்னால். போன் விநாடிக்கு 30 ஃபிரேம் எடுத்திருக்கிறது, அக்காவின் கோப்பு 24. நான் அப்படியே பின்னணியில் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு விநாடி ஆட்டம் ஒன்றே கால் விநாடி ஆகிவிட்டது. ஒரு வாரம் கழித்து அக்கா கொண்டுவந்தபோது பக்தர் தண்ணீருக்குள் ஆடுகிற மாதிரி இருந்தது. உங்கள் போனில் எடுக்கும்போது எத்தனை ஃபிரேம் என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது வாரம் சரியாக வந்தது. 31இல் கால் ஊன்றுகிறது, 33இல் இடுப்பு முழுவதும் தாழ்கிறது, 36இல் காவடியின் வளைவு கீழே வந்து நிற்கிறது, இறகு நுனிகள் அதற்கும் மூன்று நான்கு ஃபிரேம் பின்னால் குனிந்து எழுகின்றன. பொம்மையில் வேறு எதையும் அவர் மாற்றவில்லை. ஓட்டிக் காட்டியபோது மாமா ‘அரோகரா’ என்றார்.

இதிலிருந்து சில விஷயங்களை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம்.

ஒருவருக்கு ஒரு தடவையில் இரண்டு திருத்தத்துக்கு மேல் சொல்வதில்லை. பத்து சொன்னால் பத்தையும் செய்யமாட்டார், கோப்பையே மூடிவிடுவார். எந்த இரண்டு என்றால் உடம்பின் மையத்துக்குப் பக்கத்தில் இருப்பவை. இடுப்பு தப்பாக இருக்கும்போது விரலைப் பற்றிப் பேசுவது வெட்டி வேலை.

அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். பாரம் தெரிகிறதா என்று கேட்டவரிடம் வேட்டி நிறத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

படத்தின் மேலேயே வரைந்து காட்டுவது வாயால் சொல்வதைவிட நல்லது. ஒரு ஃபிரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கிரிட்டாவில் சிவப்புக் கோடு போடுங்கள். ஆனால் முதலில் கேளுங்கள்: ‘மேல வரையட்டுமா அக்கா?’ கேட்காமல் அடுத்தவர் கோலத்தில் கம்பி இழுக்கக் கூடாது. பெரியவர்கள் வேலையில் குறை சொல்லத் தயக்கமாக இருக்கும், தெரியும். மாமாவிடம் தம்பி எப்போதும் ‘மாமா, 18இல் எனக்குப் புரியல, கை எங்க போகுது?’ என்று கேள்வியாகக் கேட்பான். மாமா தானே பார்த்துவிட்டு ‘அட, ஆமாம்’ என்பார். பெரியவர், சின்னவர் யாராக இருந்தாலும் இந்த வழி நன்றாகவே வேலை செய்கிறது.

எங்களுக்குள் சில சொற்கள் தாமாகவே அமைந்துவிட்டன. பந்து பலூனாவது ‘மிதக்குது’. ஊன்றிய கால் தரையில் நகர்வது ‘வழுக்குது’. இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி போவது ‘கும்மி அடிக்குது’. ஒரு நிலையில் உடம்பு உறைந்து போவது ‘கொலு பொம்மை’. இங்கே பிறந்த பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், ஆனால் இந்த நான்கு சொல்லும் அவர்கள் வாயில் சரளமாக வருகிறது. அது ஒரு உபரி லாபம்.

முதல் முறை காட்டுகிறவருக்கு மட்டும் வேறு விதி. அவருக்குத் திருத்தம் ஒன்றே ஒன்றுதான், அதற்கு முன்னால் நன்றாக வந்த ஒரு இடத்தை ஃபிரேம் எண்ணோடு சொல்ல வேண்டும். பொய் சொல்ல வேண்டியதில்லை, தேடினால் கட்டாயம் ஒன்று கிடைக்கும். எனக்குக் கிடைக்காத வேலையை இதுவரை பார்த்ததில்லை. ஒன்றே ஒன்று தவிர: ஒருவர் ஏஐயில் தட்டி எடுத்த வீடியோவைக் கொண்டுவந்தார். 31ஐத் திருத்துங்கள் என்றால் திருத்த அவரிடம் கீ இல்லை. கோபமெல்லாம் இல்லை, டீ கொடுத்து, பந்து செய்துகொண்டு வரச் சொன்னோம்.

அமைதிதான் குழுவைக் கொல்லும். போட்ட வேலைக்கு மூன்று நாள் யாரும் பதில் சொல்லாவிட்டால் அவர் அடுத்ததைப் போடமாட்டார். அதனால் ஒன்று போடுகிறவர் இரண்டு பேர் வேலைக்குப் பதில் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) வாங்கும் முறை யாருடையது என்று தீர்மானிப்பதும் இதை வைத்துத்தான்.

மற்றவர் செய்த பொம்மையை எடுத்து ஆட்டினால் பெயர் போடுங்கள். பிளெண்டர் ஸ்டுடியோ தரும் கதாபாத்திரங்களில் பல, பெயரைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் இருக்கின்றன. சினிமாப் பாட்டு வேண்டாம், ஏற்றிய இடத்தில் உரிமைக் கேள்வி வந்து ஒலியை எடுத்துவிடுவார்கள். அக்காவின் காவடிக்குக் கோயில் உடுக்கைக்காரரிடமே கேட்டு, அனுமதியோடு போனில் பதிவு செய்துகொண்டோம்.

டர்பனில் இல்லாதவர்கள், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ லெனேசியாவிலோ இருப்பவர்கள், வீடியோ அழைப்பில் சேரலாம். ஆனால் திரையைப் பகிர்ந்து ஓட்டிக் காட்டாதீர்கள். அழைப்பில் பாதி ஃபிரேம் விழுந்துவிடும், நன்றாக இருக்கிற நடையும் நொண்டும். ஒருமுறை இல்லாத குறைக்கு அரை மணி நேரம் திருத்தம் சொல்லியிருக்கிறோம். கோப்பை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். அவரவர் கணினியில் ஓட்டிக்கொள்ளட்டும், அழைப்பில் எண்ணை மட்டும் சொன்னால் போதும்.